வாஞ்சூர் தாண்டினால் நிற்கும் கார்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குத் திருநள்ளாறு சாலையில் என் கார் ஓட்டத்திலேயே அணைந்துபோனது. ஓரம் கட்டி மறுபடி கிளப்பினேன். நூறடி ஓடி மறுபடி அணைந்தது. பட்டறையிலிருந்து வந்தவர் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டியைச் செருகி, கைபேசியைப் பார்த்தபடியே, "சென்சார் போயிருக்கு சார்" என்றார். என் கடிகாரப்படி நான்கு நிமிடம். நன்றிகூடச் சொல்லாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு வெயில் ஏறிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அந்தக் கையில் பெட்ரோல் வாடை அடித்தது.

பெட்ரோல் வாடை என்றால் எனக்கு அண்ணன்தான். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், வாரம் இருமுறை, செவ்வாயும் வெள்ளியும், தஞ்சாவூருக்கு டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். அப்போது எங்களுக்கு அதைவிடக் கிட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. பஸ்ஸில் அவரால் உட்கார முடியாது. தலத்தெருவில் எங்கள் அடுத்த வீட்டு ஜமால் பாய், குவைத்திலிருந்து திரும்பியவர், கார்புரேட்டர் காலத்துப் பழைய கார் ஒன்று வைத்திருந்தார். நாங்கள் கேட்காமலே ஒரு செவ்வாய்க்கிழமை சாவியோடு வாசலில் வந்து நின்றார். வெள்ளிக்கிழமைகளில் அண்ணனை மெஷினில் சேர்த்துவிட்டு அங்கேயே ஒரு பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதுவிட்டு வருவார்.

எங்கள் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். யூனியன் பிரதேசம் என்பதால் தமிழ்நாட்டைவிட இங்கே பெட்ரோல் விலை குறைவு. வாஞ்சூர் எல்லைக்கு முன்னால் டாங்கைக் கழுத்துவரை நிரப்பாமல் யாரும் வெளியூர் போவதில்லை. விபூதி பூசிக்கொண்டு கிளம்புவது மாதிரி அது. கழுத்துவரை நிரப்பினால் வளைவுகளில் பெட்ரோல் தளும்பி மூடியோரம் கசியும். வாடை காருக்குள் வரும். அண்ணனுக்கு ஏற்கெனவே நாளெல்லாம் குமட்டல். ஒருநாள் நாகூரைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தார். "இந்த நாத்தத்த மட்டும் நிறுத்துடா" என்றார். அடுத்த தடவை பெட்ரோல் போட்டதும் நான் இறங்கி, ஒரு பிளாஸ்டிக் பையை மடித்து மூடிக்கு அடியில் வைத்து இறுக்கித் திருகினேன். வாடை நின்றது. அண்ணன் அன்று பாதி வழி தூங்கிக்கொண்டே வந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

கார் நிற்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். திருவாரூருக்கு முன்னால் ஒருமுறை, நீடாமங்கலத்தருகில் ஒருமுறை. இருமும், குலுங்கும், அணைந்துவிடும். கால் மணி நேரம் கிடந்தால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும்.

நான் சும்மா இருப்பேனா? தினம் நாட்குறிப்பு எழுதுவது போதாதென்று, கார் நிற்பதற்கென்றே தனி நோட்டு போட்டேன். நின்ற இடம், நேரம், வெயிலா மழையா, எத்தனை நிமிடம் கழித்துக் கிளம்பியது, எல்லாம் கோடு போட்டு எழுதினேன். நூலகத்தில் மோட்டார் பழுது பற்றி இருந்த ஒரே புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டைவரை படித்தேன். மெக்கானிக் செல்வத்திடம் கார்புரேட்டரையும் காயிலையும் பற்றிப் பிரசங்கமே செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், பேசாம நீங்களே கழட்டிடுங்களேன்" என்றார். கார்புரேட்டரைக் கழுவினார், பம்ப்பை மாற்றினார், பிளக்கை மாற்றினார். ஊருக்குள் எவ்வளவு ஓட்டினாலும் கார் நிற்கவில்லை. எல்லை தாண்டினால்தான் நின்றது.

"பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போன வண்டிங்க. பாஸ்போர்ட் இல்லாம வாஞ்சூரத் தாண்ட மாட்டேங்குது" என்பார் பாய். அண்ணன் சிரிப்பார். அந்த நாட்களில் அவர் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

கடைசி வெள்ளிக்கிழமை. வேறு வண்டி பிடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். முதல்நாள் மாலைதான் செல்வம், "இனிமே நின்னா நான் தொழில விட்டுடறேன்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்திருந்தார். வாஞ்சூரில் வழக்கம்போல் கழுத்துவரை நிரப்பினோம். வழக்கம்போல் நான் இறங்கிப் பையை மடித்து வைத்தேன். அன்று நான்கு முறை நின்றது. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அண்ணனின் முறை போய்விட்டிருந்தது. சாயங்காலம்வரை காத்திருந்தால் பார்க்கலாம் என்றார்கள். அண்ணன் பின்சீட்டை விட்டு இறங்கவில்லை.

"போதும்டா. திருப்பச் சொல்லு."

பாய் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். திரும்பி வந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அவர் இறந்துபோனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் செல்வம் தானாகவே வந்தார். முகத்தில் களை இல்லை. பாய் அப்போதுதான் ஓட்டி வந்து தம் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த காரைச் சுற்றிச் சுற்றி வந்தவர், அதுவரை தொட்டிராத பெட்ரோல் மூடியைத் திருகினார். 'உஸ்' என்று காற்றை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இரண்டு விரலால் பிளாஸ்டிக் பையை வெளியே இழுத்தார்.

"யாரு இத வச்சது? மூடில இருக்கற ஓட்டைதான் டாங்குக்கு மூக்கு. பெட்ரோல் எறங்க எறங்கக் காத்து உள்ள போவணும். மூக்கப் பொத்திட்டா பெட்ரோல் எப்படி எறங்கும்? அதுவும் ரொப்பி வேற வச்சா! பாதி டாங்குன்னா உள்ள இருக்கற காத்தே போதும், அதான் ஊருக்குள்ள நிக்கல."

அண்ணி எங்கள் வாசற்கதவருகில் நின்றுகொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பாய் சொல்லிவிட்டார்: "நான்தாம்ப்பா வச்சேன். வாடை அடிச்சுதுன்னு."

அண்ணி அவரைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அன்று என் நாட்குறிப்பை எடுத்துப் புரட்டினேன். 'மூடிக்கு அடியில் பிளாஸ்டிக் வைத்தேன். அண்ணன் தூங்கினார்' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அண்ணனைப் பற்றியது நாட்குறிப்பில், காரைப் பற்றியது நோட்டில். இரண்டையும் நான் ஒருநாளும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

மறுநாள் பாயிடம் போனேன். "ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க?"

"அந்தப் பொண்ணுக்கு ஒங்கள விட்டா வேற யாருங்க தம்பி? ஒரே வீட்ல மூஞ்சில முழிக்கணும். நான் அடுத்த வீட்டுக்காரன். கோவத்த என் மேல வச்சுக்கட்டும்."

அண்ணி வைத்துக்கொண்டார். அந்த ரமலானில் பாய் வீட்டிலிருந்து வந்த நோன்புக் கஞ்சி, தூக்குவாளி திறக்கப்படாமலே திரும்பிப் போனது. கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். இரண்டு வருடத்தில் பாய் வீட்டை விற்றுவிட்டு நாகூரில் மகள் வீட்டுக்குப் போனார். அங்கேயே அடக்கமானார். செய்தி வந்தபோது அண்ணி முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். கையிலிருந்த காம்பைப் போட்டுவிட்டு, "நல்ல மனுஷன்தான் தம்பி. ஒரு வார்த்த பேசியிருக்கலாம் நான்" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கீரைக்காம்புகளைப் பொறுக்கிக்கொண்டு எழுந்து போனேன்.

பாய் வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. செல்வத்தின் பட்டறையும் இல்லை. போன தை மாதம் அண்ணியும் போய்விட்டார். உண்மையைச் சொன்னால் என்னைத் திட்டுவதற்கோ, பாயை நினைத்து மனம் ஆறுவதற்கோ இனி இந்த ஊரில் ஒருவரும் இல்லை. அதனால்தான் இதை இவ்வளவு சுலபமாக எழுத முடிகிறது.