பண்ணையார் வண்டிக்குப் பார் போட்ட விதம்

1. படுதாவுக்குப் பின்னால்

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் பாகூர் கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு சைக்கிள் கடை இருந்தது. பலகையில் என் வீட்டுக்காரர் பெயர் எழுதியிருந்தது. ரிப்பேர் செய்தது நான். இது அப்போது ஊரில் யாருக்கும் தெரியாது. இப்போது தெரிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதல் நாள் நடந்தது இது. கல்யாணமாகி ஆறாவது மாதம். ஒருவர் கோணலான பின் சக்கரத்தைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் காலையிலிருந்து அதோடு மல்லுக்கட்டினார். உச்சிவேளைக்கு அது முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. அவருக்குத் தூரத்துப் பொருள் நன்றாகத் தெரியும், கிட்டத்துப் பொருள் தெரியாது. தெருக்கோடியில் வருகிற கடன்காரனைக் கண்டுபிடிப்பார். கையிலிருக்கிற ஸ்போக் அவருக்கு இரண்டாகத் தெரியும். கண்ணாடி போட்டால் மெக்கானிக்குக் கண் அவிந்துவிட்டது என்று ஊர் சொல்லுமாம்.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சாக்குப் படுதா தொங்கியது. அவர் சாப்பிடப் போன நேரம் சக்கரத்தைப் படுதாவுக்கு இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டேன். நான் பிறந்தது மூர்த்திக்குப்பத்தில். கல்யாணம் வரைக்கும் வலை பின்னியவள். வலையில் ஒரு கண்ணை இழுத்தால் பக்கத்துக் கண் தளரும். ஸ்போக்கும் அப்படித்தான். ஒன்றை முறுக்கினால் எதிரே இருப்பதை விட்டுக்கொடுக்க வேண்டும். அவர் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, ஒரு தூக்கம் தூங்கி எழுவதற்குள் சக்கரம் நேராகிவிட்டது.

எழுந்து வந்து பார்த்தார். சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். மறுநாள் இரண்டு சக்கரங்களைப் படுதாவுக்குள் தள்ளினார். அதுதான் எனக்கு வேலை உத்தரவு.

நான் மூன்றாவது வரை படித்தவள். ஆட்கள் முன்னால் எனக்கு வாய் வராது. அவருக்கோ வாய் மட்டும்தான் வரும். அதனால் கடை நன்றாகவே நடந்தது.

2. வண்டி அமைக்க வந்தவர்கள்

அந்தக் காலத்தில் புதுச்சேரிக்குப் போய் சைக்கிள் வாங்கியவர்கள் நேரே எங்கள் கடைக்கு வந்து அதை 'அமைத்து'க்கொண்டு போவார்கள். தினம் வேலைக்குப் போய்வர வண்டியை ஆளின் அளவுக்கு, போகிற வழிக்கு, ஏற்றுகிற சுமைக்குத் தக்கபடி சரிசெய்வதுதான் அமைப்பது. நான் அப்படி நினைத்திருந்தேன். வந்தவர்கள் வேறு மாதிரி நினைத்தார்கள்.

மேரி என்று சொல்கிற கொம்யூன் ஆபீஸில், அதாவது ஊராட்சி ஆபீஸில், எழுத்து வேலை பார்த்த ஒருவர் வண்டிக்கு இரண்டு மணி கேட்டார். ஒன்று சாதாரண ஜனங்களை விலக்க, இன்னொன்று மேலதிகாரிகளுக்கு மரியாதையாக அடிக்க. போட்டுக் கொடுத்தோம். அவசரத்தில் எது எதற்கு என்று மறந்து ஒரு நாள் மேலதிகாரியை வாய்க்காலுக்குள் விலக்கிவிட்டார். நெல் வியாபாரி ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியை ஹேண்டில்பாரில் மாட்டச் சொன்னார். பின்னால் வருகிறவர் தெரிவதற்கு அல்ல, மீசை தெரிவதற்கு. பிரேக் பிடிக்கிறதா என்று நான் பார்த்துப் பார்த்து ராடைச் சரிசெய்து அனுப்புவேன். பிரேக்கைப் பற்றி ஒருவர்கூடக் கேட்டதில்லை.

இவர்களுக்கெல்லாம் மேலே ஒருவர் இருந்தார். பக்கத்து ஊர்ப் பண்ணையார். அவர் வேலைக்குப் போவதில்லை. வேலை செய்கிறவர்களைப் பார்க்க வரப்போரம் போவார். வேட்டி கட்டியவர் வண்டியில் காலைத் தூக்கிப் போட்டால் தொடை தெரியும், களையெடுக்கிற பெண்கள் சிரிப்பார்கள் என்று அவருக்குக் கவலை. புதுச்சேரியில் ஒரு கடைக்காரன் அந்தக் கவலையைப் புரிந்துகொண்டு, வேட்டி கட்டுகிறவர்களுக்கென்றே கப்பலில் வந்த புது மாடல் என்று குறுக்குப் பார் இல்லாத வண்டி ஒன்றைத் தலையில் கட்டிவிட்டான். பண்ணையாருக்குப் பரம சந்தோஷம். எங்களிடம் வந்து சீட்டை எவ்வளவு உயரம் ஏறுமோ அவ்வளவு ஏற்றச் சொன்னார். அவர் கால் பெடலின் பாதிச் சுற்றுக்குத்தான் எட்டியது. மீதிச் சுற்றைப் பெடல் தானே பார்த்துக்கொண்டது. 'நிலத்துல நிக்கிறவன் அண்ணாந்துதான் பாக்கணும்' என்று சொல்லிவிட்டார். கைப்பிடியில் குஞ்சம், சக்கர அச்சில் பூக்குஞ்சம், மட்காட்டில் பெயிண்டில் அவர் பெயர்.

ஒரு மாதம் ஊரெல்லாம் ஓட்டினார். பிறகு கடலூரிலிருந்து அவருடைய மச்சினன் வந்தான். வெள்ளைக்காரத் துரைசானிகள் இந்த மாதிரி வண்டி ஓட்டுவதைப் பார்த்தவன். வண்டியைச் சுற்றி வந்து, "இன்னா மாமா, அக்கா வண்டிய நீங்க ஓட்றீங்க" என்று கேட்டானாம்.

மறுநாள் பண்ணையார் எங்கள் கடைக்கு வந்தார். வண்டியை ஆள் தள்ளிக்கொண்டு வந்தான்.

"இதுக்கு ஒரு பார் போடு. போட்டது தெரியக் கூடாது."

என் வீட்டுக்காரருக்கு முடியாது என்ற சொல் தெரியாது. "நாலு நாள்ல போட்டுடலாம்ங்க" என்று சொல்லிவிட்டார். படுதாவுக்குப் பின்னால் நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். பார் என்பது அந்தச் சட்டத்தோடு பிறக்க வேண்டிய கம்பி. பிறகு வைத்துப் பற்றவைத்தால் ஏரிக்கரைப் பள்ளத்தில் ஒரு நாள் கழன்று, முன் சக்கரம் ஒரு பக்கமும் பண்ணையார் ஒரு பக்கமும் போவார்கள்.

3. இன்னொரு வண்டி

அந்த நேரம் எங்கள் கடையில் வேறொரு வண்டியும் நின்றது. கொம்யூன் மருத்துவச்சி தனபாக்கியம் அக்காவின் வண்டி. நடந்தே ஊர் ஊராகப் பிரசவம் பார்த்தவள். கிருமாம்பாக்கத்தில் ஒருத்திக்கு வலி கண்டு ஆள் வந்து சொல்லி, இவள் நடந்து போய்ச் சேர்வதற்குள் பிள்ளையின் கழுத்தில் கொடி சுற்றி உயிர் போய்விட்டது. அதன் பிறகுதான் மேரியில் அவளுக்கு ஒரு சைக்கிள் கொடுத்தார்கள். நல்ல வண்டி, புதுசு, பார் வைத்தது. புடவை கட்டியவள் பாரைத் தாண்டி எப்படி ஏறுவாள் என்று கொடுத்தவர்களில் யாரும் யோசிக்கவில்லை. கொடுத்தவர்கள் எல்லாம் கால்சட்டை போட்டவர்கள்.

அக்கா முயற்சி செய்யாமல் இல்லை. புடவையை முட்டிக்கு மேலே சொருகிக்கொண்டு ஏறினாள். ஏரியில் தண்ணீர் வந்தால்கூட அவ்வளவு கூட்டம் கரையில் நிற்காது. இரண்டு முறை விழுந்தாள். இரண்டாவது முறை முந்தானை ஸ்போக்கில் சுற்றி முழங்கை தோல் உரிந்தது. மேரியில், மாதக் கடைசிக்குள் வண்டியில் போய்வராவிட்டால் வண்டியைத் திருப்பி வாங்கிவிடுவோம், வண்டி ஓட்டத் தெரிந்த ஆளை அந்த வேலைக்குப் போடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். வண்டி ஓட்டத் தெரிந்த ஆண்பிள்ளை மருத்துவச்சி எங்கே கிடைப்பான் என்று அவர்கள் சொல்லவில்லை.

அக்கா படுதாவுக்குள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாதம் முடியப் பத்து நாள்தான் இருந்தது. "இத எப்படியாச்சும் பண்ணுடி. எனக்கு வேலை போனா நான் நாத்து நட்டுப் பொழச்சிக்குவேன். வலி எடுத்தவ இன்னா பண்ணுவா?" என்றாள்.

இரண்டு வண்டிகளும் சுவரில் அடுத்தடுத்துச் சாய்ந்திருந்தன. இரண்டும் கறுப்பு. இரண்டுக்கும் இருபத்தெட்டு அங்குலச் சக்கரம். குழந்தைக்கும் புரியும் கணக்கு.

நேர் வழியாகக் கேட்டுப் பார்ப்போம் என்று என் வீட்டுக்காரரை விட்டுப் பண்ணையாரிடம் சும்மா ஒரு பேச்சு போடச் சொன்னேன். மருத்துவச்சி வண்டியையும் உங்கள் வண்டியையும் மாற்றிக்கொண்டால் வேலை மிச்சம் என்று இவர் சொல்லியிருக்கிறார். பண்ணையார் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "எல்லாத் தெருவுக்கும் போய் தீட்டுத் தொட்டுட்டு வர்றவ வண்டில நான் குந்தறதா? இன்னொரு தபா சொல்லு, கடைய வேற ஊர்ல வெச்சிக்குவ" என்றாராம்.

சரி, அப்படியானால் அவருக்கே தெரியாமல் குந்தட்டும் என்று முடிவு செய்தேன்.

4. செய்த வேலை

மதகடிப்பட்டு மாட்டுச் சந்தை நாளில் கடைத்தெருவில் ஆள் இருக்காது. அன்று காலையில் ஆரம்பித்தேன். ஒருவர் தன் வண்டியை எதை வைத்து அடையாளம் கண்டுகொள்கிறார் என்று அதுவரை கடை நடத்தியதில் கற்றிருந்தேன். சட்டத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. மேலே தொங்குவதைத்தான் பார்ப்பார்கள். பண்ணையாரின் சீட்டு, குஞ்சம், மணி, பூக்குஞ்சம், பெயர் எழுதிய மட்காடு எல்லாம் கொம்யூன் வண்டிக்கு மாறின. கொம்யூன் முத்திரைத் தகடு பண்ணையார் வண்டிக்கு மாறியது. ஒன்று பிரெஞ்சு வண்டி, ஒன்று இங்கிலீஷ் வண்டி. அதனால் ஒன்றின் திருகு மரை இன்னொன்றில் சேராது. பெடலையும் அச்சையும் தொடவில்லை. சீட்டுக் கம்பி மட்டும் துளையில் லொடலொடவென்று ஆடியது. பிஸ்கட் டப்பாத் தகரத்தை வெட்டிச் சுற்றி இறுக்கினேன்.

பண்ணையாரின் பார் இல்லாத சட்டத்தில் ஒரு கீறல் இருந்தது, விரல் நீளம். புகைக்கரியை எண்ணெயில் குழைத்துத் தடவி மறைத்தேன்.

இனி அக்காவின் வண்டியாகப் போகிற அந்தப் பார் இல்லாத வண்டிக்கு அதற்குப் பிறகு ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டேன். குதிகாலைப் பெடலில் வைத்து நீட்டினால் முட்டி மடங்காமல் நிற்கிற அளவுக்குச் சீட்டை இறக்கினேன். ஹேண்டில்பாரை ஏற்றி, முதுகு வளையாமல் உட்காரச் செய்தேன். மருந்துப் பெட்டி ஆடாமல் இருக்கக் கேரியரில் தாழ வைத்து வாரால் கட்டினேன். ஏரிக்கரைக் கல்லுக்குக் காற்றைக் கொஞ்சம் இளக்கினேன். பின் மட்காட்டின் இரண்டு ஓரங்களிலும் வரிசையாகத் துளை போட்டு, அங்கிருந்து அச்சு வரைக்கும் வலைக்கயிற்றை விசிறி மாதிரி இழுத்துக் கட்டினேன். முந்தானை இனி ஸ்போக்கைத் தொடாது. எனக்குத் தெரிந்த முடிச்சு. கடலில் மீனைப் பிடிக்கிற முடிச்சு புடவையையும் பிடித்தது.

பண்ணையார் வந்தார். மணியை அடித்துப் பார்த்தார், குஞ்சத்தைத் தடவிப் பார்த்தார். பாரைத் தட்டி, ஒட்டு எங்கே என்று கேட்டார். "ஒட்டு தெரிஞ்சா அது வேலையாங்க" என்றார் என் வீட்டுக்காரர். அந்தப் பொய்யை அவர் சொன்ன அழகைப் பார்த்து நானே கொஞ்சம் நம்பிவிட்டேன்.

இப்போது அவ்வளவு உயரச் சீட்டில் பாரைத் தாண்டி ஏற அவரால் முடியவில்லை. வேட்டி இரண்டு இடத்தில் கிழிந்தது. அதற்கும் வழி கண்டுபிடித்தார். போகிற இடமெல்லாம் ஏறுகல் போடச் சொன்னார். கல் இல்லாத இடத்தில் இரண்டு ஆட்கள் வண்டியைப் பிடித்துக்கொள்ள, மூன்றாவது ஆள் அவரைப் பிடித்துக்கொண்டான். மச்சினன் சொன்னதற்கு இதுதான் பதில் என்று திருப்தியாக இருந்தார்.

அக்கா மூன்று நாளில் ஓட்டப் பழகினாள். மாதக் கடைசிக்குள் கிருமாம்பாக்கம் மட்டும் நாலு தடவை போய்வந்தாள். மேரியில் ஒரு பேச்சும் எழவில்லை.

5. நான் பேசியது

ஐப்பசி மழை வந்தது. புகைக்கரி எத்தனை மழை தாங்கும்?

ஒரு நாள் பண்ணையார் காற்றடிக்கக் கடையில் நின்றார். இன்னும் நாலு பேர் அவரவர் வண்டியோடு நின்றார்கள். அந்த நேரம் பார்த்து அக்கா வந்தாள், செயினுக்கு எண்ணெய் போட. லேசாக இறங்கி வண்டியை நிறுத்தினாள். பண்ணையார் பார்வை அந்த வண்டியில் நின்றது. குனிந்தார். கீறலின்மேல் விரலை வைத்தார்.

"டேய், இது எங்க செவலைக் காளை கொம்பு கீறினது. இது என் வண்டிடா."

நான் படுதா இடுக்கு வழியாகப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் முறை. அக்கா ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். விடுகிற பிடி இல்லை. அவள் கையிலிருந்து அந்த வண்டி போனால் அடுத்த வீட்டில் வலி எடுத்தவளைப் பார்க்க அவள் மறுபடி நடந்து போக வேண்டும்.

எப்படி வெளியே வந்தேன் என்று எனக்கு நினைவில்லை. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், டயரைப் பார்த்துக்கொண்டு பேசினேன்.

"அது பொம்பள வண்டிங்க. அதயா நீங்க ஓட்டிகினு இருந்தீங்க?"

பண்ணையார் என்னைப் பார்த்தார். பிறகு அந்த நாலு பேரைப் பார்த்தார். அவர்கள் காற்றடிப்பதை நிறுத்திவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அவர் விரல் கீறலைவிட்டு மெதுவாக எழுந்தது.

"அத யாரு சொன்னா? மாடுன்னா எல்லா மாடும்தான் கீறும்" என்றார்.

கிளம்பினார். எங்கள் கடை வாசலில் ஏறுகல் கிடையாது. தெருக்கோடி வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார். அவர் மறைந்த பிறகுதான் அக்கா கையை எடுத்தாள். கைப்பிடி ஈரமாக இருந்தது. செயினுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தேன். சேலியமேட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள் என்று போய்விட்டாள்.

என் வீட்டுக்காரருக்கு மறுநாள் குரல் திரும்பியது. பண்ணையாரை ஒரே பேச்சில் தான் மடக்கிய விதத்தைக் கடைத்தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் படுதாவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். என்னைவிட நன்றாகவே பேசியிருந்தார்.

நான் செய்தது ஏமாற்று வேலைதான். இல்லை என்று சொல்ல மாட்டேன். இப்போது கடை வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுக்கவும் இதை எழுதவில்லை. வண்டி அமைக்க வருகிறவரிடம் எந்த வழியாகப் போகிறீர்கள், என்ன உடுத்திக்கொண்டு ஓட்டுவீர்கள், என்ன ஏற்றுவீர்கள் என்று கேளுங்கள். மற்றதெல்லாம் அலங்காரம். கடையில் இரண்டு வண்டி ஒன்றாக வந்து நின்றால் எதை முதலில் எடுப்பது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. பண்ணையார் விழுந்தால் தூக்கிவிட மூன்று பேர் கூடவே ஓடி வருவார்கள். ஏரிக்கரையில் தனியாகப் போகிற மருத்துவச்சி விழுந்தால், அவளோடு சேர்ந்து இன்னும் இரண்டு உயிர் விழும். அவள் வண்டியை முதலில் எடுங்கள்.