நெளிந்து நின்ற மூன்றாம் வரிசை

கட்டட வேலைக்காரர்கள் நடுவே அவருக்கு ‘ரசமட்டம்’ என்றுதான் பெயர். மட்டம் பார்க்கும் அந்தக் குமிழிக் கருவியைச் சுவரில் வைக்கும் முன்பே, “ஒரு நூல் ஏறியிருக்கு” என்பார். வைத்துப் பார்த்தால் ஏறித்தான் இருக்கும். முப்பது வருஷமாகக் குளியலறைகளுக்கு டைல்ஸ் ஒட்டியவர். வலது கண் எப்போதோ தெறித்த சில்லால் மங்கல். பிழைப்பெல்லாம் இடது கண்ணை வைத்துத்தான்.

அந்தக் கண்ணே ஒருநாள் அவர் காலை வாரிவிட்டது. ஒட்டிமுடித்த மூன்றாம் வரிசை நடுவில் பாம்பு மாதிரி நெளிந்து நின்றது. உளியை எடுத்தார். பதினோரு டைல்ஸைப் பெயர்த்துப் போட்டுவிட்டார்.

கூட வேலை பார்த்த மைத்துனன் ஓடிவந்தான். “என்ன மாமா, பேய் கீய் பிடிச்சிருச்சா? நல்லா இருந்த சுவத்த ஏன் இடிக்கிறீங்க?”

“கோணலா நிக்குதுடா. உனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?”

மிச்சமிருந்த டைல்ஸின் மேல் மைத்துனன் ரசமட்டத்தை வைத்தான். குமிழி நட்டநடுவில் நின்றது. அவர் இடது கண்ணைப் பொத்திப் பார்த்தார். மங்கலாக இருந்தாலும் வரிசை நேராக இருந்தது. பெரியப்பா, மூத்த அத்தை, அத்தையின் நடு மகன், மூன்று பேருமே அறுபதைத் தாண்டியதும் பார்வை போய்ச் சுவரைத் தடவித்தான் நடந்தார்கள்.

நான்கு நாள் மறைத்தார். ஐந்தாம் நாள் மனைவி இழுக்காத குறையாகக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

“விழித்திரைக்கு அடியில வேண்டாத ரத்தக்குழாய் முளைச்சுக் கசியுது,” என்றார் டாக்டரம்மா. “ஒரு புரதம்தான் அதை முளைக்கத் தூண்டுது. இந்த ஊசி மருந்து ஆர்.என்.ஏ. மாதிரி ஒரு குட்டிச் சரடு. தானா மடிஞ்சு, அந்தப் புரதத்தக் கவ்விப் பிடிச்சுக்கும். அப்டமர்னு பேரு.”

“எங்க போடுவீங்க?”

“கண்ணுக்குள்ளதான், ஐயா.”

அவர் எழுந்தே விட்டார். மனைவி சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். “பார்வை திரும்புமா டாக்டர்?”

“வாக்குக் கொடுக்க மாட்டேன்மா. இருக்கிறதக் காப்பாத்தப் பார்ப்போம். ஆறு வாரத்துக்கு ஒருக்கா போடணும்.”

ஊசி நாளன்று, மரத்துப்போன கண்ணை இமைக்கவிடாமல் ஒரு கவ்வி பிடித்திருந்தது. ஓரத்திலிருந்து ஊசியின் நிழல் நெருங்கியது. “அசையாதீங்க,” என்றார் டாக்டரம்மா. ரசமட்டத்தின் குமிழியை நினைத்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் கிடந்தார்.

இப்போதெல்லாம் விடிந்ததும் சமையலறைச் சுவர் முன் நின்று வலது கண்ணைப் பொத்துவார். வளைவு எத்தனை டைல்ஸ் வரை போகிறது என்று எண்ணுவார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு நிற்பாள்.

“எத்தனைங்க?”

“மூணு.”

“நேத்து?”

“நேத்தும் மூணுதான். கூடல.”

அவள் மறுபடி அடுப்பைப் பற்றவைப்பாள்.