ஒரு சொட்டு காஸ்டிக்

அந்தச் சலவைக்கடைக்காரியைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பம்பரம் என்றால்தான் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது ஏதோ ஒரு அடையாள அட்டையில் தூங்கிக்கொண்டிருந்தது.

ஒரு இடத்தில் உட்கார்ந்தால் அவளுக்கு உடம்பு நமநமக்கும். மெஷினில் துணியைப் போடுவாள், அது சுற்ற ஆரம்பிப்பதற்குள் கவுன்டருக்கு ஓடுவாள். வந்தவருடைய சட்டைக் காலரில் சீட்டுக் குத்தும்போதே போன் அடிக்கும். அதைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பின்கட்டில் ஊறுகிற துணியைப் புரட்டப் போவாள். போகிற வழியில் கையிலிருந்ததை எங்கே வைத்தாள் என்று மட்டும் கேட்கக் கூடாது. அரை நாள் தேடிய கத்தரிக்கோல் குளிர்சாதனப் பெட்டியில் தயிருக்குப் பக்கத்தில் கிடைத்த கதையெல்லாம் உண்டு.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதிலும் கறை எடுப்பதில் கெட்டிக்காரி. வொர்க்ஷாப் ஆட்களின் உடுப்பில் ஏறிப்போன பழைய கிரீஸ் இருக்கிறதே, அது எந்த சோப்புக்கும் மசியாது. அதற்குக் காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, கறையின் மேல் மட்டும் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கொஞ்சம் கூடினால் சாயம் போய்விடும். அப்படி அளந்து விடுவதற்கு அவள் ஒரு உபாயம் வைத்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் இஸ்திரி மேஜையில் நாள் முழுக்க ஆவியில் நிற்பவர், கண் வறண்டு எரிகிறது என்று சொட்டு மருந்து போடுகிறவர். அவர் தீர்த்துப்போட்ட மருந்துக் குப்பிகளைக் கழுவி, அதில் காஸ்டிக் தண்ணீரை ஊற்றி வைத்துக்கொண்டாள். அமுக்கினால் ஒரு சொட்டு, அதற்கு மேல் வராது. அடையாளத்துக்குக் குப்பியின் கழுத்தில் சிவப்பு நூல்.

"வேற ஏதாவது டப்பால ஊத்தி வையேன்மா," என்று இஸ்திரிக்காரர் ஒரு தடவை சொன்னார்.

"அதான் நூலு கட்டியிருக்கேன்ல. போய் வேலையப் பாருங்க."

அவர் போய் வேலையைப் பார்த்தார். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன். அவருக்கும் சேர்த்துப் பேசுவதற்குத்தான் மாடியில் அவருடைய அக்கா இருந்தாளே. தம்பிக்கு வாய்த்தவள் நிதானம் இல்லாதவள் என்பது அந்த அம்மாளின் தீர்ப்பு; கல்யாணமான வாரமே எழுதி முடித்துவிட்ட தீர்ப்பு. அதற்குத் தோதாகப் பம்பரமும் போன குளிர்காலத்தில் நாத்தனாரின் கம்பளிக் கோட்டின் மேல் சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்துவிட்டுப் போன் பேசப் போனாள். அன்றிலிருந்து அந்தக் கோட்டைப் பற்றிப் பேசாமல் நாத்தனாருக்குப் பொழுது விடிவதில்லை.

அன்றைக்குக் காலையில் கடையில் கூட்டம். ஒரு மெக்கானிக்கின் கால்சட்டையில் பம்பரம் காஸ்டிக் விட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். குப்பியைக் கையோடு கொண்டுபோனவள், வழியில் இஸ்திரி மேஜை மேல் வைத்தாள். வைத்தது அவளுக்கே தெரியாது. நூல் எப்போது கழன்று விழுந்ததோ, அதுவும் தெரியாது. வந்தவர் ஒரு கார் டிரைவர், தன்னுடைய வெள்ளைச் சீருடையைக் கேட்டார். அதைக் கொக்கியிலிருந்து அவள் எடுக்கும்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அலறல் இல்லை. அடிபட்ட நாய் ஒன்று மூக்கால் முனகுகிற மாதிரி ஒரு சத்தம்.

ஓடிப் பார்த்தால், இஸ்திரிக்காரர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வலது கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்திருக்கிறார். இன்னொரு கையில் குப்பி.

குப்பியைப் பார்த்ததுமே பம்பரத்துக்குப் புரிந்துவிட்டது. கை என்னவோ தானாக வேலை செய்தது. அவர் பிடரியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், துணி அலசும் தொட்டியில் தலையைச் சாய்த்து, குழாய் ரப்பரை எடுத்து மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் ஓடும்படி பிடித்தாள். நல்ல கண்ணுக்குள் அந்தத் தண்ணீர் போய்விடக் கூடாதே. கண் இறுக்கி மூடிக்கொண்டது. இரண்டு விரலால் இமைகளைப் பிளந்து பிடித்தாள்.

"தொறங்க. தொறந்து வைங்க. மேல பாருங்க, கீழ பாருங்க."

டிரைவர் பின்னாலேயே வந்துவிட்டார். "அம்மா, கார் நிக்குது. தண்ணி ஊத்திட்டு நேரத்த வீணாக்காதீங்க, கெளம்புங்க."

"இருங்கண்ணே. இது மொதல்ல போகணும்."

காஸ்டிக் கையில் பட்டால் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். தோல் சோப்புப் போட்ட மாதிரி வழுவழுவென்று ஆகும். அந்த வழவழப்பு போகிறவரை கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், துடைத்துவிட்டு நகர்ந்தால் உள்ளே தின்றுகொண்டே போகும். அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். வழுக்கியது. இன்னும் ஊற்றினாள். மெஷின் முடிந்து கூவியது, போன் அடித்தது, கவுன்டரில் யாரோ மணியைத் தட்டினார்கள். கால் இரண்டும் ஓடு ஓடு என்று துடித்தன. ஆனாலும் அவள் நின்றாள். அவள் வாழ்நாளிலேயே அத்தனை நேரம் ஒரு இடத்தில் நின்றது அன்றைக்குத்தான்.

அப்போதுதான் நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"என்ன பண்ற என் தம்பிய? என்ன ஆச்சு?"

பம்பரம் வாயைத் திறந்தாள். எரிந்துபோன கோட்டு கண் முன்னால் வந்தது. "கண் மருந்து போட்டாரு அண்ணி. ஒத்துக்கல போலிருக்கு," என்றாள்.

சொன்ன வேகத்தில், அவர் கையிலிருந்து நழுவித் தொட்டியோரம் கிடந்த குப்பியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். இஸ்திரிக்காரர் தொட்டிக்குள் தலையைச் சாய்த்தபடி ஒன்றும் பேசவில்லை. பாவம், அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

காரில் ஏறும்போது இரண்டு பாட்டில் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டாள். பின் ஸீட்டில் அவர் தலையை மடியில் போட்டு ஊற்றிக்கொண்டே போனாள். மடி நனைந்தது, ஸீட் நனைந்தது, டிரைவர் கண்ணாடியில் பார்த்துப் பெருமூச்சு விட்டார். முன்னால் உட்கார்ந்திருந்த நாத்தனார்தான் திரும்பினாள்.

"மருந்து ஒத்துக்கலைன்னா இவ்ளோ தண்ணியா? நெஞ்சுல சளி கட்டிக்கும். போதும் விடு. எதுலயும் ஒரு அளவு வேணாமா உனக்கு?"

கண் மருந்துதான் என்று சொன்னவள் அல்லவா அவள். கண் மருந்துக்கு யார் இரண்டு பாட்டில் தண்ணீர் ஊற்றுவார்கள்? ஒரு பாட்டில் அப்படியே இருந்தது. மூடியைத் திருகிக் கீழே வைத்தாள். அந்தப் பொய்க்குக் கொடுத்த முதல் கூலி அது.

கண் ஆஸ்பத்திரியில் எள் போட்டால் விழாத கூட்டம். சீட்டுப் போடுகிற நர்ஸ் தலையைத் தூக்காமலேயே கேட்டாள்.

"என்ன பிரச்சன?"

"சொட்டு மருந்து ஒத்துக்கலம்மா, கண்ணு எரியுதாம்," என்று நாத்தனார் முந்திக்கொண்டாள். "மருந்துக் கடைக்காரன நாலு வார்த்த கேக்கணும்."

"வேற ஏதாவது பட்டுதா?"

நர்ஸ் பார்த்தது பம்பரத்தை. பம்பரம் குப்பி இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இல்ல."

"உக்காருங்க. நம்பர் வந்தா கூப்பிடுவாங்க."

உட்கார்ந்தார்கள். அதாவது மற்ற இருவரும் உட்கார்ந்தார்கள். பம்பரம் பெஞ்சுக்கும் கதவுக்கும் நடந்தாள். சுவரில் ஒட்டியிருந்த படத்தில் பெரிய கண் ஒன்று அவளையே பார்த்தது. உள்ளே போனவர்கள் எல்லாம் கண்ணாடி மாற்ற வந்தவர்கள், கட்டி பார்க்க வந்தவர்கள். அவர்களைப் பார்க்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது. டாக்டரிடம் தனியாகப் போய்க் காதோடு காதாகச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணக்குப் போட்டாள். நாத்தனாரை டீ வாங்க அனுப்பிவிட்டால்? "டீ வேணுமா அண்ணி?" என்று கேட்டும் பார்த்தாள். தம்பி இப்படி இருக்கும்போது டீ எப்படித் தொண்டையில் இறங்கும் என்று வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

இஸ்திரிக்காரர் கைக்குட்டையைக் கண்ணருகே வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். நாத்தனார் அவர் இமையை மெல்ல விலக்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"இங்க பாரு, செவப்பெல்லாம் கொறஞ்சு போச்சு. வெள்ளையாயிடுச்சு. வலி எப்படிடா இருக்கு?"

"கொஞ்சம் பரவால்லக்கா."

"பாத்தியா, நான் சொல்லல? வீட்டுக்கே போயிடலாம் போல."

பம்பரம் வந்து குனிந்து பார்த்தாள். கருவிழியைச் சுற்றிச் சிவந்து கிடக்க வேண்டிய இடம், ஒரு ஓரத்தில் வேகவைத்த முட்டை மாதிரி வெளுத்திருந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் அவள் மணிக்கட்டில் காஸ்டிக் பட்டது. சிவந்த இடமெல்லாம் இரண்டு நாளில் ஆறிப்போனது. வெளுத்துப் போய், வலியே இல்லாமல் இருந்ததே ஒரு இடம், அங்கேதான் குழி விழுந்தது. வலி குறைந்தால் நல்லது என்று நினைத்துச் சும்மா இருந்ததில் வந்த குழி.

பையைத் துழாவிக் குப்பியை எடுத்தாள். வரிசையில் நின்றவர்களை இடித்துக்கொண்டு போய் நர்ஸின் மேஜையில் வைத்தாள்.

"வரிசையில வாங்கம்மா."

"இது கண் மருந்து இல்ல. உள்ள இருக்கிறது காஸ்டிக் சோடா. கறை எடுக்கிறதுக்கு நான்தான் ஊத்தி வச்சேன். நான்தான் அவர் மேஜையில வச்சுட்டு வந்தேன். அவரு மருந்துன்னு நெனச்சுக் கண்ணுல விட்டுட்டாரு."

மெதுவாகச் சொல்ல அவளுக்குத் தெரியாது. கூடமே திரும்பிப் பார்த்தது. நாத்தனாரும் கேட்டாள். நர்ஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த வேகத்தில் பேனா உருண்டு கீழே விழுந்தது.

அதற்குப் பிறகு யாரும் நம்பர் கேட்கவில்லை. உள்ளே படுக்க வைத்து, மரத்துப்போகிற மருந்து விட்டு, ஒரு காகிதத் துண்டைக் கண்ணில் தொட்டு எடுத்தார்கள். காகிதம் கருநீலமாக மாறியது. காஸ்டிக்கின் காரம் இன்னும் உள்ளே இருக்கிறது என்றார் டாக்டரம்மா. மேல் இமையைப் புரட்டி, அதன் மடிப்புக்குள் பஞ்சுக்குச்சியால் துடைத்து, குழாய் வைத்துப் பை பையாகத் தண்ணீர் விட்டார்கள். விட்டு நிறுத்துவதும், காகிதத்தைத் தொட்டுப் பார்ப்பதும், மறுபடி விடுவதுமாக மத்தியானம் போய்விட்டது.

"வீட்ல உடனே கழுவினது ரொம்ப நல்லதாப் போச்சு," என்று டாக்டரம்மா வெளியே வந்து சொன்னார். "வழியிலயும் நிறுத்தாம ஊத்தியிருக்கணும். வந்ததும் சொல்லியிருந்தா அந்த பெஞ்சுலயே உக்கார வச்சிருக்க மாட்டோம். கருவிழி ஓரத்துல கொஞ்சம் புகை படிஞ்சிருக்கு. எவ்வளவு தெளியும்னு போகப்போகத்தான் சொல்ல முடியும்."

திட்டவில்லை. திட்டியிருந்தால் பம்பரத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நாத்தனாராவது திட்டுவாள் என்று அவள் பக்கம் திரும்பினாள். அந்த அம்மாள் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் போதும், விடு என்று சொன்னவள் தான்தான் என்பது அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். "நான் போய் கடையப் பூட்டிட்டு வரேன்," என்று மட்டும் சொல்லி எழுந்து போனாள்.

பம்பரம் உள்ளே போனாள். அவர் மல்லாந்து படுத்திருந்தார், தலையணை நனைந்திருந்தது.

"மன்னிச்சிருங்க," என்றாள். "அண்ணி முன்னாடி வாய் வரல. உங்களுக்கு என்ன விட்டோம்னே தெரியாது, நான் பாட்டுக்கு..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"கண்ணுல விட்டதுமே தெரிஞ்சுபோச்சு. கன்னத்துல வழிஞ்சத தொட்டேன், வழுக்குச்சு. பத்து வருஷமா உன்கூட கடையில நிக்கிறேன், காஸ்டிக் தெரியாதா எனக்கு?"

"தெரிஞ்சுமா அந்த பெஞ்சுல அவ்ளோ நேரம் சும்மா உக்காந்திருந்தீங்க?"

"அக்கா பக்கத்துல இருந்தாளே. நீ மருந்துன்னு சொல்லிட்ட. நான் அது மருந்து இல்லைன்னு சொன்னா உன் நெலம என்ன ஆகும்?"

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"யோவ், உன் கண்ணுய்யா அது. உங்கக்கா என்னை நாலு வார்த்த திட்டுவா, நான் நாலு வார்த்த திருப்பிச் சொல்லுவேன், நாளைக்கு மறந்து போயிடும். அதுக்குப் போயி கண்ணக் குடுப்பியா?"

கல்யாணமான நாளாக அவரை அவள் அப்படிப் பேசியதில்லை. அவர் அவள் முகம் இருந்த பக்கம் கையை நீட்டினார். கண்ணாடி கடையிலேயே கிடந்தது, ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை; கை கொஞ்சம் தள்ளிப் போய்க் காற்றைத் தொட்டது. சட்டையை விட்டுவிட்டு அவள் அந்தக் கையைப் பிடித்து, தன் கன்னத்துக்கு இழுத்து வைத்துக்கொண்டாள்.