ஊதா வெளிச்சமும் ஒரு டம்ளர் பாலும்

என் மாட்டுப்பாலில் அணுக்கதிர் கலந்திருக்கிறது என்று மீனாட்சிபுரம் முழுக்கச் சொல்லித் திரிந்தவர் என் கணவரின் பெரியப்பா மகன். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

எங்கள் தீவன அறையில் ஒரு மெஷின் இருந்தது உண்மைதான். காலேஜில் பிசிக்ஸ் படித்துவிட்டு மாட்டுச்சாணி அள்ள வந்தவள் நான். பால் கறக்கும் மெஷின் அடிக்கடி மக்கர் செய்ததால் வேக்குவம் பம்பைக் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொண்டேன். அப்புறம் இன்டர்நெட்டில், வெளிநாட்டுக்காரர்கள் சிலர் கார் ஷெட்டில் உட்கார்ந்து அணுக்கரு இணைவுக் கருவி செய்வதைப் பார்த்தேன். காற்றை உறிஞ்சி எடுத்த எவர்சில்வர் கூட்டுக்குள் கம்பிவலை ஒன்றை வைத்து, பெரிய வோல்டேஜ் கொடுத்து, அணுக்களை மோதவிட்டு ஒன்றாக்குவது. சூரியனுக்குள் நடப்பதும் இந்த இணைவுதான். பைத்தியம் பிடித்துக்கொண்டது. கோயம்புத்தூரில் கூட்டை வெல்டிங் செய்து வாங்கினேன். பொள்ளாச்சி ஏ.சி. மெக்கானிக்கிடம் பழைய பம்பு கிடைத்தது. மூடிப்போன ஜவுளிக்கடையின் நியான் போர்டிலிருந்து டிரான்ஸ்பார்மர். எங்கேயோ காற்றுக் கசிந்து மாதக்கணக்கில் உயிரை வாங்கியது. ஒருநாள் கண்ணாடி வழியாகப் பார்த்தால், வலைக்கு நடுவில் ஊதா வெளிச்சம் நின்றது. கத்தவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து மறுபடி பார்த்தேன்.

அந்த வாரம்தான் மாமா வந்தார். எங்கள் தென்னந்தோப்பு வழியாகத் தன் லாரிக்குத் தடம் கேட்டார். முடியாது என்றார் என் கணவர். முகம் சுண்டிப்போய்த் திரும்பியவர், தீவன அறை ஜன்னலில் வெளிச்சத்தைப் பார்த்து நின்றார்.

"என்னம்மிணி இது?"

"சூரியன்ல நடக்கறத இதுக்குள்ள நடத்திப் பாக்கறனுங்க மாமா."

பெருமை பீற்றிக்கொண்டேன். அதுவரை ஒருத்தரும் என்னவென்று கேட்டதில்லையே. அவர் போய் ஸ்கூட்டரை எடுத்தார்.

இரண்டு நாள் கழித்து பால் சொசைட்டிக்குப் போனால், செக்ரட்டரி டேங்கின் வாயை மூடிவிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. அணுகுண்டு மெஷினுக்குப் பக்கத்துல கட்டுன மாடாமா. உங்க ஊட்டுப் பால வாங்குனா நாங்க ஊத்தமாட்டோம்ங்கறாங்க மத்தவங்க."

வரிசையில் மாமா கேனோடு நின்று ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொசைட்டி பால் வாங்காவிட்டால் எங்கள் வீட்டில் உலை வைக்க முடியாது. கன்றுகளைக் குடிக்கவிட்டு, தயிராக்கி, மிச்சத்தைத் தென்னை மரத்தடியில் ஊற்றினேன். ஊற்றும்போதெல்லாம் மாமாவை வாயாரத் திட்டினேன்.

"அதக் கழட்டி வெச்சுரு, பொறவு பாக்கலாம்" என்றார் கணவர்.

ஒரே பேச்சில் நான் எல்லாவற்றையும் முடித்திருக்கலாம். இணைவுக்கு வேண்டிய கன ஹைட்ரஜன் வாயு என்னிடம் இல்லை. எனக்கெல்லாம் யார் கொடுப்பார்கள்? மெஷினுக்குள் இணைவு நடக்கவே இல்லை. மிச்சமிருந்த துளி காற்றுதான் கடை போர்டு மாதிரி எரிந்துகொண்டிருந்தது. அதைச் சொசைட்டி வாசலில் நின்று சொல்வதா? சூரியன் என்று பீற்றியதற்கு மாமா சிரிப்பார். செத்தாலும் சொல்லமாட்டேன், மெஷினையும் கழற்றமாட்டேன் என்று இருந்தேன். பால் மறுபடி டேங்கில் இறங்க வேண்டும், அதுவும் அவர் தலைகுனிந்து நிற்கும்போது.

எங்கள் சொசைட்டியில் எல்லோர் பாலும் ஒரே டேங்கில்தான் கலக்கும். இது எனக்கு உறைக்கவே ஒரு வாரமாயிற்று. மறுநாள் காலை வரிசை நீளமாக இருந்த நேரத்தில் போய்க் கேனை இறக்கினேன்.

"மாமா சொன்னது நெசந்தானுங்க. எம்பால்ல கதிர் இருக்குது. மெஷின் ஓட ஆரம்பிச்ச பொறவும் நான் இங்கதான் ஊத்துனன். உங்க பாலெல்லாம் அதோட கலந்துதான் போச்சு. டேங்கும் அதே டேங்குதான். தெரிஞ்சும் சொல்லாம இருந்தாப் பாவமுங்க, ஜில்லா பால் ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொல்லீர்றனுங்க."

போனைக் கையில் எடுத்தேன். செக்ரட்டரி முகம் வெளிறியது. இந்த ஊர்ப் பாலே வேண்டாம் என்று டேங்கர் வராமல் நின்றுவிட்டால் என்ன கதி என்று அத்தனை பேருக்கும் உறைத்தது. எல்லாத் தலைகளும் மாமா பக்கம் திரும்பின. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

"நாஞ் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னதப்பா" என்றார் மாமா செக்ரட்டரியிடம்.

"அப்பக் குடிச்சுக் காட்டுங்க மாமா" என்றேன்.

தடுக்க யாரும் முன்வரவில்லை. செக்ரட்டரியே ஒரு டம்ளரைக் கழுவிக் கொடுத்தார். என் கேனிலிருந்து தளும்பத் தளும்ப ஊற்றினேன். மாமா குடித்தார். பாதியில் நிறுத்தினார். நான் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றேன். மீதியையும் குடித்தார். கை நடுங்கியது. அவமானத்தில் நடுங்குகிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

ஸ்கூட்டர் பக்கம் போனவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். உதடு வெளுத்திருந்தது.

"அம்மிணி, எனக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?"

அப்போதுதான் புரிந்தது. தடம் கொடுக்காத ஆத்திரத்தில் அவர் கட்டிவிட்ட கதை என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மனிதர் மனதார நம்பித்தான் சொல்லியிருக்கிறார். விஷம் என்று நம்பிக்கொண்டேதான் முழு டம்ளரையும் குடித்திருக்கிறார். மெஷினுக்குள் எரிவது வெறும் காற்று என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. பாவமாகக்கூட இருந்தது, ஒரு நிமிஷம்.

"ஒடனே ஒண்ணுந் தெரியாதுங்க மாமா. போகப் போகத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, கேனைத் தூக்கிப் போய், செக்ரட்டரி திறந்துவைத்திருந்த டேங்கில் ஊற்றினேன்.