எட்டேகால் மணி கிரகணம்

அந்த வருஷம்தான் நான் ப்ரெவே என்ற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சையில் தேறியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் எழுத்து தெரிந்த முதல் ஆள் நான். அப்பாவும் அண்ணனும் பஞ்சாலைக்குப் போனார்கள். அம்மாவுக்குக் கைநாட்டு. என் சான்றிதழை அப்பா சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் மாதாவைக் கும்பிட்ட கையோடு அதையும் ஒரு பார்வை பார்த்தாக வேண்டும்.

எங்கள் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் பள்ளியான கொலேஜில் வியாழக்கிழமை மத்தியானங்களில் வானசாஸ்திர வகுப்பு நடந்தது. புதிதாக வந்திருந்த பிரெஞ்சு வாத்தியார் ஆரம்பித்தது. அவருடைய நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஊர்ஜனங்களுக்காக இப்படி நடத்துவார்களாம், யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாமாம். வியாழக்கிழமை பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. நான் கடைசி பெஞ்சில் இரண்டு கன்னியாஸ்திரிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். தமிழ்ப் பெண் நான் ஒருத்திதான். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

சூரிய கிரகணம் வரப்போவதையும், அன்று காலை கொலேஜ் முற்றத்தில் தொலைநோக்கி வைத்து எல்லோருக்கும் காட்டப்போவதையும் ஒரு வியாழக்கிழமை வாத்தியார் சொன்னார். பிரெஞ்சு அறிவிப்பை அவரே எழுதினார். தமிழ் அறிவிப்பை என்னிடம் விட்டார். பாரீஸ் நேரத்தில் அச்சிட்ட வானநூல் அட்டவணையைக் கொடுத்து, நம் ஊர் நேரத்தை நீயே கணக்குப் போடு என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. நான் போட்ட கணக்கை அவரிடம் காட்டவும் எனக்குத் தோன்றவில்லை.

கோடைக்காலத்தில் பாரீஸ்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். எங்கள் ஊரில் அது பலருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஆகையால் அந்தக் கால வித்தியாசமான ஐந்தரை மணியைக் கூட்டாமல் நாலரையைக் கூட்டினேன். எட்டேகால் வந்தது. அழகான எழுத்தில் எழுதினேன்.

எங்கள் வீட்டில் பஞ்சாங்கம் கிடையாது. பங்குச் சாமியார் அதற்கெல்லாம் சம்மதிக்க மாட்டார். ஆனால் கிரகண பயம் மட்டும் குறைவில்லாமல் இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாளிடம் அவர்கள் பஞ்சாங்கத்தில் என்ன மணி என்று ரகசியமாகக் கேட்டுக்கொள்வது அம்மாவின் வழக்கம். அந்த வருஷம் அவள் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாளே வந்து ஒன்பதுக்கு மேல்தான் போட்டிருக்கிறது என்றபோது, "என் பொண்ணு பாரீஸ் புஸ்தகத்தையே பாத்துப் போட்டிருக்கா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அண்ணிக்கு அப்போது ஏழு மாதம். முந்தின வருஷம் மூன்றாம் மாதத்தில் ஒன்று கலைந்துபோயிருந்தது. கிரகணத்தில் கர்ப்பிணி வெளியே வந்தாலோ அரிவாள்மனையைத் தொட்டாலோ பிள்ளை உதடு பிளந்து பிறக்கும் என்பார்கள். காலை ஏழு மணிக்கே அம்மா அண்ணியை உள்ளறையில் விட்டு ஜன்னலைச் சாத்தினாள். நான் சிரித்தேன். பிறகு அம்மா, என் பெருமையைப் பார்க்க, என்னோடு கொலேஜுக்குப் புறப்பட்டாள்.

முற்றம் நிறைய ஜனம். எல்லோரும் வாய்க்காலுக்கு எங்கள் பக்கத்துத் தமிழர்கள், வெள்ளைக்காரர் ஒருவரும் இல்லை. புகை படியவைத்த கண்ணாடித் துண்டுகள் கைக்குக் கை மாறின. எட்டேகால் ஆயிற்று. எட்டரை. சூரியன் முழுசாக இருந்தது. வாத்தியாரையும் காணோம், தொலைநோக்கியையும் காணோம்.

"என்ன மாம்செல், சூரியன் உனக்கு டிமிக்கி குடுத்துட்டானா?" என்று பிரெஞ்சுப் பெண்களை அழைப்பதுபோல் அழைத்துக் கேட்டார் ஒரு தையல்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல், "கிரகணம் வடக்கே போயிடுச்சு. இந்த ஊருக்குத் தெரியாது" என்றேன். யாரும் எனக்குச் சொல்லித்தராத பொய். அது அத்தனை சரளமாக என் வாயிலிருந்து வந்ததை நினைத்தால் இன்றும் எனக்குத் திகைப்புதான். கூட்டம் கலைந்தது. அம்மாவும் நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

ஒன்பது மணிக்கு வெள்ளைக்காரக் குடும்பங்கள் வண்டிகளில் வந்து இறங்கின. பின்னாலேயே வாத்தியார், தொலைநோக்கியோடு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். இரண்டு அறிவிப்புகளும் ஒரு வாரமாக அருகருகே ஒட்டியிருந்தன. அவருடையதை நான் படித்ததே இல்லை. அதில் ஒன்பதேகால். வானநூல் அட்டவணை வருஷம் முழுவதும் ஒரே நேரத்தில்தான் ஓடுமாம். கோடைக்கு முள்ளைத் தள்ளுவது வீட்டுக் கடிகாரங்களில் மட்டுமாம். கேட்டபோது வாத்தியார் சாதாரணமாகச் சொன்னார்.

அவர் பிடித்திருந்த வெள்ளை அட்டையில் சூரியனின் பிம்பம் தட்டளவு விழுந்தது. அதன் விளிம்பில், எலி கடித்ததுபோல், ஒரு சின்னக் கறுப்பு. பெண்கள் கைதட்டினார்கள். எனக்கு அண்ணி நினைவுதான் வந்தது. வாத்தியார் கூப்பிடக் கூப்பிட ஓடினேன். வாய்க்கால் பாலத்தில் ஒரு செருப்பு அறுந்தது. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டேன். வழியில் தெரிந்தவர்களைக் கண்டால் நின்று நின்று கிரகணம் பிடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே ஓடியதில் நேரம் போய்விட்டது. வெயில் மங்கி வந்தது.

வீட்டில் அம்மா இல்லை. அண்ணியை வெளியே வரச்சொல்லிவிட்டு மீன் வாங்கப் போயிருந்தாள். அண்ணி கொல்லையில் வேப்பமரத்தடியில் அரிவாள்மனை போட்டுப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இலைகளின் ஊடாக விழுந்த வெளிச்சப் பொட்டுகள் எல்லாம் பிறையாகியிருந்தன. தரையில், அவள் கையில், வயிற்றின் மேல், நூற்றுக்கணக்கான பிறைகள்.

"இன்னிக்கி வெயிலைப் பாரேன், நகம் வெட்டிப் போட்டாப்புல இருக்கு" என்றாள்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவளுக்குத் தெரியாமலேயே போயிருக்கும். என்னால் முடியவில்லை. "இதுதான் கிரகணம் அண்ணி. நான் மணியைத் தப்பாப் போட்டுட்டேன். வடக்கே போயிடுச்சுன்னதும் பொய்" என்று சொல்லிவிட்டு அரிவாள்மனையைப் பிடித்து இழுத்தேன். அதில் வெட்டுப்பட்டது என் விரல்தான்.

அவள் அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். அவள் தெருக்கதவு சாத்தியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தாள்.

"அத்தைகிட்ட சொல்லாதே. போன தடவை நான் உச்சி வேளையில கிணத்தடிக்குப் போனதாலன்னாங்க. இப்ப ஏதாச்சும் ஆனா, மணி தப்பாப் போட்டவளையா சொல்லப்போறாங்க? என்னைத்தான் சொல்வாங்க."

பிறகு மீதிப் பூசணித் துண்டங்களைச் சட்டியில் அள்ளிப்போட்டுவிட்டு, தானே உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா பாதி வழியில் வெளிச்சம் மாறியதைக் கண்டு அலறியடித்துக்கொண்டு வந்தபோது, அண்ணி வெளியே வரவே இல்லை என்று நான் சத்தியம் செய்தேன். அன்று அது என் இரண்டாவது பொய்.

இரண்டு மாதம் நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அண்ணி வழக்கம்போல் சாப்பிட்டாள், தூங்கினாள். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. கிரகணத்துக்கும் உதட்டுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். கிரகணம் வெறும் நிழல்தான் என்று வகுப்பில் எழுதிய நோட்டில்கூட இருந்தது. அந்த நோட்டை நான் திரும்பத் திரும்பப் படித்தேன், செபமாலை உருட்டுகிறவள்போல.

பிள்ளை பிறந்ததும் மருத்துவச்சி துணியில் சுற்றி என்னிடம் நீட்டினாள். நான் முதலில் வாயைத்தான் பார்த்தேன். போதாமல் சுண்டுவிரலால் மேலுதட்டைத் தூக்கியும் பார்த்தேன். நல்ல உதடு.

பாயில் படுத்திருந்த அண்ணி என்னையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தேடறே?" என்றாள்.

"மூக்கு யாரு மாதிரின்னு பாத்தேன் அண்ணி" என்றேன்.