கிழக்கே போட்ட நாற்காலி

கவிழ்ந்த படகின் முதுகில் குப்புறப் படுத்து ஒரு பகல் முழுவதும் மிதந்து, சதுரங்கப்பட்டினத்துக்கு நேரே உயிரோடு கரையேறியது. மூன்று முறை பெண் தர மறுத்த வீட்டு வாசலில் நான்காம் முறையும் போய் நின்று அம்சாவைக் கட்டிக்கொண்டது. குடியை விட்டது, விட்ட பிறகும் குடிக்கிற சிநேகிதர்களை விடாமல் இருப்பது. என் தம்பி சடையன் ஜெயித்தவை இவை. இவற்றில் ஒன்றைக்கூட அவன் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அவன் பெருமையாகச் சொல்லிக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: "தலவலின்னா இன்னான்னே எனுக்குத் தெரியாதுக்கா."

வயது நாற்பத்தேழு. நெம்மேலிக் குப்பத்தில் அவனை அடையாளம் காண்பது சுலபம். எங்கே போனாலும் முதல் வேலையாக நாற்காலியைத் திருப்பிப் போடுகிறவன் அவன்தான். கடலுக்கு முதுகு காட்டி அவனால் உட்கார முடியாது. திருப்போரூர்க் கல்யாண மண்டபத்தில் மணமேடையைப் பார்க்காமல் கிழக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒருவன் பாயசம் குடித்துக்கொண்டிருந்தால், அது சடையன். "அங்க இன்னாடா கீது? செவுரு தான?" என்று கேட்டால், "செவுத்துக்கு அந்தாண்ட?" என்று நம்மையே திருப்பிக் கேட்பான்.

அவன் படிக்காமல் போனதற்கும் இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஜன்னல் மேற்கே ரோட்டைப் பார்த்து இருந்தது. மூன்று நாள் போனான். நான்காம் நாள் சித்தப்பாவின் கட்டுமரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டான். நான் எட்டாவது வரை போனேன். பிறகு மீன் கூடையைத் தூக்கினேன்.

அவன் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூண்டில் நரம்பும் நங்கூரக் கயிறும் வருஷக்கணக்கில் ஓடி ஓடி, விரல் நுனிகள் பழைய செருப்பின் அடிப்பக்கம் போல வழவழத்துவிட்டன. பத்து விரலும் அப்படித்தான். சரியாகச் சொன்னால் ஒன்பது. இடது சுண்டுவிரலின் மேல் கணு ஒரு சுறாவோடு போய்விட்டது. ரேஷன் கடை இயந்திரத்தில் அவன் கைரேகை விழாது. அம்சா விரல் வைத்தால்தான் அரிசி.

"நான் பொண்டாட்டி வெரல்லதான் சோறு துன்றேன்" என்று வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொல்வான்.

அம்சா சும்மா விடமாட்டாள். "வெரலு மட்டும்தானா? மாவு அரைக்கற கையி, கொயம்பு வெக்கற கையி, அதெல்லாம் யாருதாம்?"

போன வருஷம் கோடையில் இந்தச் சிரிப்பு வீட்டில் குறைந்துபோனது. கரை கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் போய், ஃபைபர் படகுகளை இழுத்து நிறுத்த மணலே இல்லை என்ற நிலை வந்துவிட்டது. கல் கொட்டிய இடத்தில் படகை ஏற்றினால் அடிப்பாகம் கிழியும். சடையனின் படகு இரண்டு முறை கிழிந்தது. குப்பத்து ஆண்கள் ஒவ்வொருவராகக் கேளம்பாக்கம் அடுக்குமாடிகளுக்குக் காவல் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். அங்கே மேற்பார்வையாளராக இருப்பவர் ஜெகதீசன், அம்சாவின் அண்ணன். ஒரு நாள் சடையன் அளவுக்கே ஒரு நீலச் சட்டையும் விசிலும் கொண்டுவந்து வைத்தார்.

"மச்சான், சேர்ல குந்திகினு இருக்கற வேல. மேல ஃபேன் ஓடிகினு கீது. இன்னா பேஜாரு ஒனக்கு?"

"சேரு எந்தப் பக்கம் பாத்துப் போட்டுகீது?"

"கேட்டைப் பாத்து."

"கேட்டு எந்தப் பக்கம்?"

ஜெகதீசன் யோசித்தார். "மேக்கால."

"அப்ப வாணாம்."

"ஒனக்கோசரம் கேட்ட பேத்து அந்தாண்ட வெப்பாங்களா? ஆனி மாசம் வரிக்கும் பாப்பேன். அப்பால வேற ஆளப் போட்டுருவேன், சொல்ட்டேன்."

சட்டையை அம்சா இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டினாள். சடையன் விசிலை மட்டும் ஒரு முறை ஊதிப் பார்த்தான். சட்டையைத் தொடவில்லை.

இன்னொரு வழியும் இருந்தது. சடையனும் அவன் படகுக் கூட்டாளி சின்னையனும் இன்னும் இருவரும் சேர்ந்து, அரசு மானியத்தில் ஆழ்கடலுக்குப் போகும் பெரிய படகு ஒன்றுக்கு மனுக் கொடுத்திருந்தார்கள். துறைமுகத்தில் நிற்கும் படகு. கரைக்கு ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் அதை ஓட்டுகிறவன் பயிற்சி முடித்த சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில் சென்னையில் ஒரு மாதப் பயிற்சி: திசைகாட்டி, ஜிபிஎஸ், வயர்லெஸ், இன்ஜின், உயிர் காக்கும் முறை. வயது ஐம்பதுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மற்ற மூவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள்.

"நீ போய் பாஸ் பண்ணாத்தான் போட்டு கெடைக்கும். இல்லாங்காட்டி நாலு பேரும் விசிலு ஊத வேண்டியதுதான், அண்ணாத்த" என்றான் சின்னையன். அவன் சடையனைவிட ஆறு வயது மூத்தவன். ஆனாலும் அண்ணாத்த என்றுதான் கூப்பிடுவான்.

விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். கல்வித் தகுதி என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "மூணு நாளு" என்றான். அப்படியே எழுதினேன். உண்மை அதுதானே? கடல் அனுபவம் என்ற இடத்தில் முப்பத்தெட்டு ஆண்டு என்று எழுதினேன். கீழே கட்டத்தில் மை தொட்டுக் கட்டை விரலை வைத்தான். ரேகையே இல்லாமல், கரிய பொட்டு ஒன்று விழுந்தது.

நேர்முகத்துக்கு நானும் கூடப் போனேன். கண் பரிசோதனையில் தேறினான். நீச்சலிலும் தேறினான். நீச்சல் குளத்தின் வாடை பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னான். கடைசியில் வருகைப் பதிவு இயந்திரத்தில் விரலைப் பதிக்கச் சொன்னார்கள். ஒன்பது விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. துடைத்து வைத்தார்கள், ஈரம் தொட்டு வைத்தார்கள். சிவப்பு விளக்குதான் எரிந்தது.

பயிற்சி அதிகாரி ஒரு அம்மா. பொறுமைசாலி. "ரேகை விழலைன்னா கையெழுத்துப் போடலாம், அதுக்கு அனுமதி இருக்கு. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. போடுவீங்கல்ல?" என்றார்.

"நான் கைநாட்டு மேடம்."

அந்த அம்மா அவன் கட்டை விரலையும் என்னையும் பார்த்தார். "வருகைப் பதிவு இல்லாம என்னால சான்றிதழ் கொடுக்க முடியாது, அண்ணே. வர திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பம். அன்னைக்குக் கையெழுத்துப் போட்டா சேர்த்துக்கறேன். இல்லன்னா காத்திருக்கறவங்கள்ல அடுத்த ஆளைக் கூப்பிடணும்."

திரும்பும்போது பேருந்தில் கிழக்கு ஜன்னல் இருக்கை கிடைத்தும் அவன் வெளியே பார்க்கவில்லை. கட்டை விரலைத் தடவிக்கொண்டே வந்தான். "இத்தினி வருசம் கயிறு இழுத்தது என் வெரலையே துன்னுட்டுதேக்கா" என்றான்.

மறுநாள் மின்விசிறி வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து, அவன் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்துத் தாளில் எழுதச் சொன்னதும் பேனாவை வலை ஊசி மாதிரி பிடித்தான். முதல் எழுத்திலேயே தாள் கிழிந்தது. இரண்டாவது தாளும் கிழிந்தது. எழுந்து உள்ளே போனான். வலை பின்னுகிற பச்சை நூல்கண்டோடு திரும்பி வந்து, அட்டையில் நான் எழுதிய எழுத்துகளின் மேலேயே நூலை வளைத்து வளைத்து ஒட்டிக்கொண்டு போனான். சின்னையன் வாசலில் நின்று பார்த்தான்.

"பேரு எய்தச் சொன்னா வல பின்றியே, அண்ணாத்த. மேடம் இன்னா அதுல மீனு புடிக்கவா போறாங்க?"

"நீ போய் விசிலு ஊதிப் பயகு, போ."

நூல் ஒட்டி முடிந்ததும் பார்த்தேன். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே அவன் நூலை அறுக்கவே இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. "எழுத்து தனித்தனியா நிக்கணும்டா" என்றேன்.

"தனித்தனியா நின்னா சந்துல பூந்து பூடுங்க்கா."

"எதுடா பூந்து போவும்?"

"எல்லாந்தான்."

கல்லூரியில் படிக்கும் அவன் மகள் பிரியங்காதான் தீர்ப்புச் சொன்னாள். "வுடு அத்த. எங்க பிரின்சிபால் கையெழுத்து நூடுல்ஸ் கொட்டுன மாதிரி இருக்கும். எப்பப் போட்டாலும் ஒரே மாதிரி இருந்தா போதும்."

அவன் நூலின் மேல் விரலை ஓட்டினான். பிறகு வெறும் தரையில் ஓட்டினான். பிறகு பேனாவோடு தாளில். டீக்கடைப் பெஞ்சில், படகின் விளிம்பில், சாப்பாட்டுத் தட்டில் மிஞ்சிய ரசத்தில் என்று எங்கும் விரல் போய்க்கொண்டே இருந்தது. சனிக்கிழமை தாள் கிழியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போட்டவற்றை நான் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். சில கோணல். ஆனால் எல்லாம் ஒரே ஆள் போட்டவை என்று யாரும் சொல்வார்கள்.

திங்கட்கிழமை விடிந்ததும் புறப்பட்டோம். அம்சா சாப்பாட்டு டப்பாவோடு இன்னொரு பையையும் கொடுத்தாள். உள்ளே அந்த நீலச் சட்டை, மடிப்புக் கலையாமல், அதன்மேல் விசில்.

"கேளம்பாக்கத்துல எறங்கி எங்க அண்ணன் வூட்ல குட்த்துடு."

"வரசொல்ல குடுக்கறேன். அங்க இன்னா ஆவுதுன்னு பாத்துக்குனு..."

"போவசொல்லவே குடு" என்றாள் அம்சா. கொடுத்துவிட்டுத்தான் போனோம்.

வகுப்பறையில் ராமேஸ்வரம் பக்கத்துப் பையன்கள், கடலூர்க்காரர்கள் என்று பெஞ்சு நிறைய ஆட்கள். நான் கதவருகே நின்றுகொண்டேன். அதிகாரி அம்மா பெயர் படித்தார். சடையன் முன்னால் போனான். மேசையின் இந்தப் பக்கம் அவனுக்காக நாற்காலி ஒன்று போட்டிருந்தது. அதில் உட்கார்ந்தால் மேற்குச் சுவரைத்தான் பார்க்க வேண்டும். அவன் உட்காரவில்லை.

"ஒரு நிமிசம் மேடம்" என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றிப் போய், அந்த அம்மாவுக்குப் பக்கத்திலேயே போட்டு, கிழக்கே பார்த்து உட்கார்ந்தான். பின் பெஞ்சில் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்காமல் பதிவேட்டை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

நாக்கைக் கடித்துக்கொண்டு பேனாவை வைத்தான். நடுவில் எங்கும் எடுக்கவில்லை. கடைசி எழுத்து முடிந்த இடத்தில் நான் சொல்லித் தராத ஒன்றைச் செய்தான்: பேனாவைப் பின்னால் கொண்டுவந்து, ஒரு வளையம் போட்டு, அதற்குள்ளேயே நுழைத்து வெளியே இழுத்தான்.

"கடைசியில இது என்ன அண்ணே?"

"முடிச்சு மேடம். போடலன்னா அவுந்துடும்."

அந்த அம்மா இப்போது சிரித்துவிட்டார். பக்கத்துக் கட்டத்தில் விரலை வைத்து, "இங்க தேதி போடுங்க" என்றார். எண்கள் அவனுக்கு மீன் ஏலத்தில் பழகியவை. அவற்றுக்கு நூல் தேவைப்படவில்லை. என் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, குனிந்து அழுத்தமாக எழுதினான்: 12-5-2025.