தம்பி பெயரில் எடுத்த இசிஜி

கிரேன் அண்ணனின் சட்டைப்பையில் நான்காக மடித்த இசிஜி காகிதம் ஒன்று எப்போதும் இருக்கும். அமீரகத்தின் புஜைரா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் என்பதால் எங்கள் ரூமில் அவருக்கு அந்தப் பெயர். பையைத் தட்டிக்கொண்டு, "நமக்கு ஒண்ணுமில்லப்பா, மிஷினே சொல்லிருச்சு" என்பார்.

கம்பெனி எங்கள் எல்லாருக்கும் இன்சூரன்ஸ் கார்டு கொடுத்திருந்தது. பிரீமியம் கம்பெனி கட்டும். ஆனால் டாக்டரைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் முதல் ஐம்பது திர்ஹம் நம்முடையது. அதற்கு மேல்தான் கார்டு பேசும். ஊருக்கு அனுப்பியது போக மிஞ்சுகிற காசில் ஐம்பது என்பது லேசா என்ன? அதனால் ரூமில் ஒரு வழக்கம் வந்தது. எவனுக்காவது உண்மையிலேயே முடியாமல் போனால், மற்றவர்களின் வியாதியையும் அவனே சுமந்துகொண்டு போவான். இவன் முதுகுவலி, அவன் இருமல் எல்லாவற்றையும் தன்னுடையதென்று சொல்லி மருந்து வாங்கி வருவான். ஐம்பதைப் பங்கு போட்டுக்கொள்வோம். பெரிய கெட்டிக்காரர்கள் என்று நினைப்பு எங்களுக்கு.

அண்ணனுக்குச் சில வாரங்களாகக் கிரேன் ஏணியில் ஏறினால் நெஞ்சை அடைத்தது. தனியாகப் போய்க் காட்டச் சொன்னேன். "நெஞ்சுவலின்னு என் கார்டுல ஏறிட்டா மறுபடி கிரேன்ல ஏற விடுவானா? விசாவ கேன்சல் அடிச்சு ஊருக்கு ஃபிளைட்ல ஏத்திருவான்" என்றார். ஊரில் அவருடைய பெரிய பெண் அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள். நாம் கட்டுகிற பங்குக்கு வருஷத்துக்கு ஒரு வரம்பு இருக்கிறது, அதற்கு மேல் நம் கையிலிருந்து போகாது என்று ஆபீஸில் கேட்டுவந்து சொன்னேன். "அந்த வரம்பைத் தொடுற அளவுக்குச் சீக்கு வந்தவன கம்பெனி வச்சிருக்குமாடா?" என்று கேட்டார். போனால் வேலை போகும். போகாவிட்டால் வலி போகாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

அந்த மாதம் ரூமிலிருந்த எலெக்ட்ரீஷியன் தம்பி காய்ச்சலுக்குப் போனான். அண்ணன் தன் நெஞ்சடைப்பையும் அவனிடம் கொடுத்தனுப்பினார். டாக்டர் பதறிப்போய் தம்பிக்கு இசிஜி எடுத்தார். கோடெல்லாம் சுத்தம், வாயு என்று மாத்திரை எழுதினார். மாத்திரையோடு அந்தக் காகிதத்தையும் அண்ணன் வாங்கி வைத்துக்கொண்டார். "அது அந்தப் பையன் நெஞ்சுண்ணே, உங்களுது இல்ல" என்று கத்தினேன். சிரித்தார். பயந்துபோன மனுஷனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. அது எனக்கு அப்போது புரியவில்லை, எரிச்சல்தான் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் பையிலிருந்த காகிதத்தைப் பிரித்தார். அதிலிருந்த பெயரைச் சொல்லி, தோளைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார்.

"அது நான் சார்" என்றான் பின்னால் நின்ற தம்பி. "எனக்கு ஒண்ணும் இல்ல சார்."

அண்ணன் கண் திறக்கவேயில்லை. கவுண்டரில் ஐம்பது திர்ஹமை நீட்டினேன். எமர்ஜென்சிக்கு அந்த ஐம்பது கட்ட வேண்டியதில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

போன வாரம் ஊரில் எனக்கு இசிஜி எடுத்தார்கள். "நார்மல்தான் சார்" என்று நர்ஸ் நீட்டினாள். ஓரத்தில் என் பெயர்தான் இருந்தது. இருந்தும் அதை மடித்துச் சட்டைப்பையில் வைக்க மனம் வரவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.